மாவுப்பூச்சியை ஒழித்தது குளவியா, மழையா?

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
"மாவுப்பூச்சியை ஒழிக்க ஏத்தாப்பூரில் குளவியை விட்டார்கள், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிழைத்தது, ஆராய்ச்சியை உழவரிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி என்றால் இதுதான்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் இரண்டு ஏக்கரில் யாரும் குளவியை விடவில்லை. 2021 கோடையில் நுனி இலையெல்லாம் சுருண்டு வெள்ளை அப்பிக் கிடந்தது. பூச்சிமருந்துக் கடைக்காரர் கொடுத்ததை மூன்று முறை அடித்தேன். அடுத்த ஆண்டு மழை பெய்தது, பூச்சி கழுவிக்கொண்டு போனது. நன்றி சொல்வதென்றால் வானத்துக்குச் சொல்லுங்கள்.

சந்தியூர் மாணவி:
அதை எழுதியது நான்தான் ஐயா. தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில் கண்டறியப்பட்ட பூச்சி இது. அதற்கென்றே பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த, பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவிக்கு இறக்கை இருக்கிறது. ஒவ்வொருவர் காட்டிலும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை.

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
என் காட்டில் எந்த நாளில் வந்தது? அதைச் சொல்லுங்கள் அம்மா.

ஆலைக் கணக்கர்:
ஐயா சொல்வது சரி. 2022 ஜூலையில் மேட்டூர் அணையே 120 அடி நிரம்பியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பூச்சி நிற்கும்?

சந்தியூர் மாணவி:
மேட்டூரை நிரப்பியது கர்நாடகத்து மழை அண்ணா. அந்தத் தண்ணீர் ஐயாவின் மானாவாரிக் காட்டுக்கு வரவில்லை. மழையில் பூச்சி குறையும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கோடையில் திரும்பி வரும். இலையைப் புரட்டிப் பாருங்கள். குளவி தாக்கிய பூச்சி பழுப்பாகக் காய்ந்திருக்கும், குளவி வெளியேறிய ஓட்டை அதில் தெரியும். மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். அன்று மூன்று முறை அடித்தது போல இனியும் அடித்தால் குளவி தங்காது.

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
அடிக்காமல் என்ன செய்வது? அந்தக் கோடையில் நுனியை ஒடித்து மஞ்சள் பையில் போட்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். "இது தோட்டக்கலை, அங்கே போங்கள்" என்றார்கள். அங்கே போனால் அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாளும் கூட்டம். மூன்றாம் நாள் பைக்குள் இலை அழுகிவிட்டது. கடைக்காரர் மட்டும்தான் பையைத் திறந்து பார்த்தார். அவர் கடனுக்கும் கொடுப்பார். இதையெல்லாம் விட்டுவிட்டுக் குளவிக்கு இறக்கை இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். எந்த நாளில் வந்தது?

நாகலூர் மிளகு:
கீழ்நாட்டில் உங்களுக்கு அலுவலகமாவது பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். காபிச் செடிக்குக் காபி வாரியம், அது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ். பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடிக்கு வேறு துறை. ஒரே நிழலில் நிற்கிற இரண்டு பயிருக்கு இரண்டு வாசல் ஏறி இறங்குகிறோம். தண்டுத்துளைப்பான் பூச்சி விழுந்த காபிச் செடியைப் பிடுங்கி எரிக்கச் சொல்கிறார்கள். புதுச்செடி காய்க்கும் வரை எதைச் சாப்பிடுவது?

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
தம்பி, இங்கே பேச்சு குச்சிக்கிழங்கு. உங்களுக்கு மரமாவது இருக்கிறது, விற்றுக்கொள்ளலாம்.

நாகலூர் மிளகு:
மலையில் மரம் வெட்ட அனுமதி வாங்கியிருக்கிறீர்களா நீங்கள்? தெரியாததைப் பேச வேண்டாம்.

ஆலைக் கணக்கர்:
பூச்சியை விடுங்கள். வருகிற கிழங்கில் பாயிண்ட் இல்லை, அதாவது மாவுச்சத்தின் அளவு குறைவு. பச்சைக் கிழங்கை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டு ஜவ்வரிசி ஆலையைத் திட்டுகிறார்கள்.

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
பாயிண்ட் பார்க்கிறவர் உங்கள் ஆள், தராசு உங்களுடையது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்ததே, அதனால் என் மூட்டைக்கு ஒரு ரூபாயாவது ஏறியதா? கிழங்கை யாரும் ஆசைப்பட்டு முன்கூட்டியே பிடுங்குவதில்லை. மகள் கல்லூரிக் கட்டணத்துக்குப் பிடுங்கினேன். என் மகன் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறான். வீட்டுக்காரம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், விடிவதற்குள் இரண்டு மாட்டில் பால் கறந்து ஊற்றிவிட்டுத்தான் போவார். மத்திய அரசு கொடுக்கிற 6000 ரூபாய் மருந்துக்கடைப் பாக்கிக்கே சரி. காட்டுக்கு நாங்கள் சோறு போடுகிறோம். காடு எங்களுக்குப் போட்டது எங்கள் அப்பா காலத்தில். இந்த வீட்டைக் குளவி காப்பாற்றியது என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

சந்தியூர் மாணவி:
வீட்டைக் காப்பாற்றியது என்று நான் எழுதவில்லை ஐயா, பயிரை என்றேன். என் அப்பாவும் வாழப்பாடியில் கிழங்கைக் கைவிட்டுப் பாக்கு வைத்தவர்தான். 2010இல் பப்பாளி மாவுப்பூச்சி குச்சிக்கிழங்கில் ஏறியபோதும் வெளிநாட்டுக் குளவியால்தான் அடங்கியது. அதையும் மழை என்பீர்களா?

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
அது வேறு பூச்சி என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். இப்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்.

சந்தியூர் மாணவி:
வேறு பூச்சி, வேறு குளவி. முறை ஒன்று. நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

நாகலூர் மிளகு:
மரத்தைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பெத்தநாயக்கன்பாளையத்தான்:
மரம் பற்றி உங்கள் மலைக்காரர்களிடம் கேளுங்கள். மாணவி அம்மா, இந்த வாரம் நுனி மறுபடி சுருளத் தொடங்கியிருக்கிறது. மருந்து இன்னும் அடிக்கவில்லை. உங்கள் குளவி வருவதானால் இப்போது வரட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் கடைக்குப் போய்விடுவேன்.