முயலுக்கும் புறாவுக்கும் .177-ஆ .22-ஆ? இங்கிலாந்துல சுட்டவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கென்ட் மதுரைக்காரன்:

வணக்கம் மக்களே. ஏர் ரைஃபிள் புதுசா வாங்கற நம்மாளுங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி இதுதான், எந்த கேலிபர் வாங்கறதுன்னு (கேலிபர்னா குழல் விட்டம், .177, .22 எல்லாம் இன்ச் கணக்கு). போன வாரம் கூட ஒரு தம்பி போன் பண்ணி ஒரு மணி நேரம் இதையே கேட்டான். அவனுக்கு சொன்னதை இங்கயும் எழுதறேன், நீங்களும் எழுதுங்க, கடையில சொன்னது வீடியோல பாத்தது வேணாம், உங்க கையால சுட்டு உங்க கண்ணால பாத்தது மட்டும்.

எனக்கு சுடறதுக்கு நிலத்துக்காரர் பெர்மிஷன் கிடைச்ச முதல் இடம் குதிரை வளக்கற ஒரு அம்மாவோட மேய்ச்சல் நிலம். நிலம் பூரா முயல் வளை, குதிரை ஓடும்போது கால் உள்ள போச்சுன்னா ஒடிஞ்சிரும், அதான் அவங்க பயம். எழுத்துல பெர்மிஷன் கொடுத்தாங்க. (1953-ல மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள்ள வந்தப்போ முதல்ல தெரிஞ்சது இந்த கென்ட்லதான், அப்போ வயல் முழுக்க செத்த முயலா கிடந்ததுன்னு அவங்க அப்பா சொல்லுவாராம்.) அப்போ என்கிட்ட இருந்தது .22 ஸ்பிரிங் ரைஃபிள். பெரிய பெல்லட் பெருசா அடிக்கும், முயல் அந்த இடத்துலயே விழுந்துரும்னு நம்பித்தான் வாங்குனேன்.

ஜூன் மாசம், சாயங்காலம் ஒம்பது மணிக்கும் நல்ல வெளிச்சம், வேலியோரமா படுத்திருக்கேன், ஒரு முயல் வெளிய வந்து பக்கவாட்டுல உக்காந்துச்சு. முப்பது யார்டுன்னு மனசுல கணக்கு போட்டேன், ரைஃபிளும் முப்பதுக்குத்தான் ஸீரோ பண்ணிருந்தேன் (அந்த தூரத்துல குறி வச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பை செட் பண்றது), கண்ணுக்கும் காதோட அடிக்கும் நடுவுல குறுக்கு கம்பிய வச்சு அழுத்துனேன். சத்தம் கேட்டுச்சு, அடி விழுந்துச்சு, ஆனா முயல் துள்ளி உருண்டு எந்திரிச்சு வளைக்குள்ள போயிருச்சு. ஓடிப் போய் பாத்தா புல்லுல ரத்தமும் ரெண்டு சின்ன பல்லும். தாடையில பட்டிருக்கு. இருட்டுற வரைக்கும் அந்த வளை வாசல்ல உக்காந்திருந்தேன், வெளிய வரல. உள்ள எவ்வளவு நேரம் துடிச்சிருக்கும்னு நெனச்சு ராத்திரி தூக்கமே இல்ல. இப்ப எழுதும்போதும் அந்த ரெண்டு பல்லு கண்ணு முன்னாடி இருக்கு.

மறுநாள் போய் நான் படுத்திருந்த இடத்துல இருந்து டேப் புடிச்சு அளந்தேன், நாப்பத்தோரு யார்டு. பதினோரு யார்டு தப்பு. அந்த வித்தியாசத்துல என்ன நடக்குதுன்னு அப்புறம் அட்டை வச்சு சுட்டு பாத்தேன், முப்பதுக்கு ஸீரோ பண்ண .22 நாப்பதுல ரெண்டு இன்ச் கீழ போகுது. முயலோட மூளை இருக்கற இடம் நம்ம 50 பென்ஸ் காசு அளவுதான், அப்போ ரெண்டு இன்ச்னா தாடை இல்லன்னா கழுத்து.

புதுசா வர்றவங்க புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சர்டிஃபிகேட் இல்லாம வச்சுக்கணும்னா ரைஃபிளோட பவர் 12 ஃபுட் பவுண்டுக்கு (பெல்லட் வெளிய வரும்போது அதுல இருக்கற சக்தியோட அளவு) மேல போகக்கூடாது, அது எந்த கேலிபரா இருந்தாலும் சரி. அப்போ .22 வாங்குனா பவர் கூடன்னு நெனைக்கறதே தப்பு, பவர் ஒண்ணுதான், அதை வச்சு எட்டரை கிரெயின் (கிரெயின்னா பெல்லட் எடை) .177 பெல்லட்டை வேகமா தள்றோமா இல்ல 16 கிரெயின் .22-வ மெதுவா தள்றோமா, அவ்வளவுதான் விஷயம். 11.5 ஃபுட் பவுண்டுல .177 செகண்டுக்கு 780 அடி பக்கம் போகும், .22 அதே பவர்ல 570 அடிதான். மெதுவா போறது அதிக நேரம் காத்துல இருக்கு, அதிகமா கீழ விழுது. அதே முப்பது யார்டு ஸீரோல .177 நாப்பதுல ஒரு இன்ச்தான் இறங்குது. தூரத்தைக் கணிக்கறதுல நான் செஞ்ச அதே தப்பை .177-ல செஞ்சிருந்தா அந்த முயல் ஒருவேளை அங்கயே செத்திருக்கும், ஒருவேளைதான், ஆனா அந்த ஒருவேளைக்காகவே ரைஃபிளை மாத்துனேன். இப்ப .177 பிசிபி (ஸ்பிரிங் இல்லாம, அடைச்சு வச்ச காத்துல சுடறது), கூடவே தூரம் அளக்கற ஒரு ரேஞ்ச் ஃபைண்டர். இனிமே வாங்கறவங்க ஸ்கோப்புக்கு கொடுக்கற காசுல கொஞ்சம் மிச்சம் புடிச்சு அந்த ரேஞ்ச் ஃபைண்டரை வாங்கிருங்க.

.177-க்கும் குறை இருக்கு, அதையும் மறைக்கல. பக்கத்து விவசாயி கோதுமை வயல்ல புறா தொல்லைன்னு கூப்பிட்டாரு (வுட் பிஜன் சுடணும்னா அரசாங்கம் பொதுவா கொடுக்கற அனுமதியான ஜெனரல் லைசன்ஸ் ஜிஎல் 42, போறதுக்கு முன்னாடி அதோட நிபந்தனையெல்லாம் முழுசா படிங்க). கிளையில நேரா என்னைப் பாத்து உக்காந்திருந்த புறாவ நெஞ்சுல சுட்டேன், இறகு பறந்துச்சு, புறாவும் பறந்துச்சு, ரெண்டு வயல் தள்ளி வேலிக்கடியில செத்து கிடந்ததை அரை மணி நேரம் தேடி எடுத்தேன். அறுத்து பாத்தா கழுத்துப்பை நெறைய கோதுமை, பெல்லட் அந்த தானியத்துக்குள்ளயே நசுங்கி கிடந்துச்சு. அதுக்கப்புறம் புறான்னா தலை, இல்லன்னா முதுகு காட்டி உக்காந்திருக்கும்போது ரெண்டு றெக்கைக்கும் நடுவுல. நேரா நெஞ்சைக் காட்டிட்டு இருந்தா நான் சுடறதில்ல, திரும்பற வரைக்கும் காத்திருப்பேன்.

உங்க கதைய சொல்லுங்க.

லிங்கன்ஷயர் துவக்கு:

தம்பி நல்லா எழுதியிருக்கிறீர், அந்த முயலின்ர கதை வாசிக்க மனசுக்குக் கஷ்டமாக் கிடந்தது. ஆனா நான் .22 ஆள், பன்னிரண்டு வருசமா அதைத்தான் பாவிக்கிறன், ஏனெண்டு சொல்லுறன்.

நான் வேலை செய்யிறது கோழிப் பண்ணையில. எனக்கு வேட்டை எண்டா முக்கால்வாசி எலிதான், மிச்சம் அணில். தொடக்கத்தில ஒரு சிநேகிதன்ர .177-ஐ வாங்கிக்கொண்டு போனனான். தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில நிண்ட எலிக்கு வெடி வைச்சன், எலி விழுந்தது, சரி எண்டு பாத்தா பின்னால கோழிகளுக்குத் தண்ணி போற பிளாஸ்டிக் குழாயில இருந்து தண்ணி பீச்சியடிக்குது. சன்னம் எலிக்குள்ளால போய் குழாயையும் துளைச்சுப் போட்டுது. முதலாளி நல்ல மனுசன், ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்கு அண்டைக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. .22 துளைக்காது எண்டு சொல்ல வரேல்லை, தகரத்தையும் துளைக்கும், ஆனா மெதுவாப் போறபடியா எலியின்ர உடம்புக்குள்ள கூட நேரம் வேலை செய்யுது, அங்கால போகேக்கை வேகம் குறைஞ்சுதான் போகுது. நான் சுடுறது எட்டு யார்ட், பதினைஞ்சு, மிஞ்சினா இருவது. அந்தத் தூரத்தில ரெண்டு சன்னமும் விழுற வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பிறகு எதுக்கு எனக்கு .177?

அணிலைப் பற்றியும் சொல்ல வேணும். இந்த சாம்பல் அணில் வட அமெரிக்காவில இருந்து 1876-இல இஞ்ச கொண்டந்து விட்டது, இஞ்சத்தைச் சிவப்பு அணிலின்ர இடமெல்லாம் இப்ப இதுதான் பிடிச்சு வைச்சிருக்கு. சிவப்பு அணிலைத் தொடக்கூடாது, அது சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, சாம்பல்தான் எண்டு நிச்சயமாத் தெரியாமல் விசையில விரல் வைக்கப்படாது. ஆள் சின்னன் எண்டாலும் சாம்பல் அணில் பொல்லாத உறுதி, உடம்பில அடிச்சா கிளைக்குக் கிளை பாஞ்சு பொந்துக்குள்ள போய்த்தான் சாகும். தலைதான், வேற இடமே இல்லை.

இன்னொண்டு, ஆரும் கதைக்காத விசயம். ஜனவரி மாசம் காலமை ஆறு மணிக்கு, விரல் விறைச்சுப் போய் நிக்கேக்கை அந்தக் குட்டி .177 சன்னத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கோ, பாதி நிலத்தில விழும். .22 கையுக்கு நிக்கும்.

கார்டிஃப் கோயமுத்தூர்:

அண்ணா, நானு ரெண்டும் இல்லீங்க, .25. சொன்னா யாரும் அந்த தப்ப பண்ண வேண்டாம்னுதான் எழுதறேன். இதே 12 ஃபுட் பவுண்டு ரைஃபிளையே .25-ல வாங்குனேனுங்க, முயல் மேல பட்டா பொதுக்குன்னு ஒரு சத்தம் வரும், ஆள் அப்படியே உக்காந்துரும், பக்கத்துல இருக்கற வரைக்கும் அற்புதமான சாமானுங்க. ஆனா 25 கிரெயின் பெல்லட் அந்த பவர்ல 450 அடி வேகந்தான் போகும், வெயில் முதுகுக்குப் பின்னாடி இருந்தா ஸ்கோப்லயே பெல்லட் மேல ஏறி கீழ எறங்கறது கண்ணுக்குத் தெரியுமுங்க. இருவத்தஞ்சு யார்டுக்கு மேல நாலு யார்டு தப்பா கணிச்சாலே போச்சு. ஒரு வருசம் வச்சிருந்து வித்துட்டேன்.

அப்புறம் போலீஸ்ல விண்ணப்பம் போட்டு எஃப்ஏசி (12-க்கு மேல இருக்கற ரைஃபிளுக்கு வேண்டிய சர்டிஃபிகேட்) வாங்கி 30 ஃபுட் பவுண்டுல அதே .25 எடுத்தேனுங்க. இப்ப அதே பெல்லட் 730 அடி போகுது, அண்ணாவோட .177 மாதிரி நேரா போகுது, அடியும் பலம். ஆனா இரும்புப் பெட்டி வேணும், எங்க சுடப்போறேன் எதுக்கு வேணும்னு காரணம் காட்டணும், வீட்டுக்கு வந்து பாப்பாங்க. அத விட முக்கியம், பெல்லட் தப்புனா எங்க போய் நிக்கும்ங்கறதுதானுங்க. மண் மேடு பின்னாடி இல்லாத இடத்துல நான் அந்த ரைஃபிளை உறையில இருந்து எடுக்கறதே இல்ல. முயலும் அணிலும் மட்டும் சுடறவங்களுக்கு இது தேவையான்னா, தேவையில்லைங்க.

ஏபர்டீன் அக்கா:

ஸ்காட்லாந்துல இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, இங்க 2016 டிசம்பர் 31-ல இருந்து ஏர் ரைஃபிள் வச்சுக்கவே சர்டிஃபிகேட் வேணும், 12-க்கு கீழ இருந்தாலும்தான். இங்கிலாந்துல இருந்து ஃப்ரெண்டு வீட்டுக்கு வரும்போது சும்மா கார்ல போட்டு எடுத்துட்டு வந்துடாதீங்க.

நான் ஹெச்எஃப்டி (ஹண்டர் ஃபீல்ட் டார்கெட், வேட்டை மாதிரி வெளியில வச்ச டார்கெட்டை சுடறது) போட்டி சுடறவ, அங்க டார்கெட் 45 யார்டு வரைக்கும் இருக்கும், தூரம் அளக்க கருவி எதுவும் யூஸ் பண்ணக்கூடாது, நாமளே கண்ணால கணிக்கணும், அதனாலயே கிட்டத்தட்ட எல்லார் கையிலயும் .177தான். முயலுக்கும் அதையே எடுத்துட்டு போறேன். ஆனா எனக்கு ஆதங்கம் என்னன்னா எல்லாரும் கேலிபர் பத்தி பேசறாங்க, எந்த பொசிஷன்ல சுடறீங்கன்னு யாருமே சொல்றதில்ல. படுத்துட்டு பைபாட்ல (ரெண்டு கால் ஸ்டாண்ட்) வச்சு நாப்பது யார்டுல காசு அளவுக்கு போடறவர், வேலிக்கு மேல எட்டிப்பாத்து நின்னுட்டே சுட்டா இருவது யார்டுல கூட போட மாட்டார். என் கணக்கு இப்படி, ரெண்டு பென்ஸ் காசை அட்டையில வச்சு வட்டம் போட்டுக்கோங்க, முட்டி போட்டு பத்து பெல்லட் சுடுங்க, பத்தும் உள்ள விழற தூரம் எதுவோ அதுதான் முட்டி போட்டா உங்க எல்லை. ஒம்பது விழுந்தா அது எல்லை இல்ல, கிட்ட வாங்க. எனக்கு படுத்தா முப்பத்தஞ்சு, முட்டி போட்டா இருவத்தஞ்சு, நின்னா பதினெட்டு. இந்த மூணு நம்பரையும் ரைஃபிள் ஸ்டாக்ல டேப் ஒட்டி எழுதியே வச்சிருக்கேன்.

காத்தைப் பத்தி கேப்பீங்க, இந்த பவர்ல ரெண்டு கேலிபரும் பக்கவாட்டுல தள்ளிப்போறதுல பெரிசா வித்தியாசம் எனக்குத் தெரியல. வடகடல் காத்து அடிக்கற அன்னிக்கு நான் வீட்டுலயே இருந்துடுவேன்.

திண்டுக்கல் ஏர்கன்:

அண்ணே நான் ஊர்லதான் இருக்கேன், .177 வச்சிருக்கேன், தோட்டத்துல முயல் வருது, இந்த பெல்லட் போதுமா?

கென்ட் மதுரைக்காரன்:

தம்பி, வேணாம். நம்ம ஊர்ல முயல், கவுதாரி எதைச் சுட்டாலும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர்கன்னுக்கு லைசன்ஸ் வேணாம்ங்கறது .177-க்கும் 20 ஜூலுக்கும் உள்ள இருந்தாத்தான், அதுவும் ரைஃபிளை வச்சுக்கறதுக்கு மட்டும்தான், முயலைச் சுடறதுக்கு இல்ல. இங்க நாங்க சுடறதுக்கு நிலத்துக்காரர் அனுமதி, லைசன்ஸ் நிபந்தனை எல்லாம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக்காதப்பா. தோட்டத்துக்கு வலை கட்டு. ரைஃபிள் சும்மா கிடக்குதேன்னு தோணுச்சுன்னா அக்கா சொன்ன மாதிரி காசு அளவுக்கு வட்டம் போட்டு சுட்டுப் பழகு, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியே இந்த .177-லதான் நடக்குது.

அண்ணை, உங்க குழாய் கதை படிச்சப்புறம் எனக்கு போன் பண்ண அந்த தம்பியை ஞாயித்துக்கிழமை எங்க மேய்ச்சல் நிலத்துக்கு வரச்சொல்லிட்டேன். ஒரு ஃப்ரெண்டோட .22 பிசிபியையும் வாங்கிட்டு வந்து என்னோட .177 பக்கத்துல வச்சு, அக்கா சொன்ன ரெண்டு பென்ஸ் கணக்குப்படியே சுடச்சொன்னேன். படுத்துட்டு .177-ல முப்பது வரைக்கும் பத்துக்கு பத்து, .22-ல இருவத்தஞ்சு. நான் .177 வாங்குடான்னு வாயெடுத்துட்டேன், அப்புறம்தான் கேட்டேன், உனக்கு பெர்மிஷன் எங்கடான்னு. ஒரு பழைய குதிரை லாயம், எலி, பின்னாடி நாலு வால்நட் மரம், அதுல அணில். மரத்துல இருந்து லாயம் பதினெட்டு யார்டு. முயல் அந்தப் பக்கமே கிடையாதாம். இதை முதல்லயே கேட்டிருக்கணும் நான்.

.22தான் வாங்கறான். வெள்ளிக்கிழமை கடைக்கு நேர்லயே போறோம், கையோட குரோனோல (பெல்லட் வேகம் அளக்கற கருவி) போட்டு எத்தனை ஃபுட் பவுண்டு வருதுன்னு பாத்துட்டுதான் காசு கொடுக்கணும்னு சொல்லிருக்கேன். 16 கிரெயின் பக்கத்துல மூணு நாலு வகை டப்பா வாங்கி அந்த பேரலுக்கு எது ஒத்து வருதுன்னு சுட்டு பாத்துட்டு அட்டையோட போட்டோ போடறேன்.