புதுப்பிப்பு: ஐந்து வயது மகன் பொய் சொல்வது – எங்களுக்கு எது பலித்தது

பாலைத் துளசித் தொட்டியில் ஊற்றிவிட்டு, "குடிச்சிட்டேன்மா" என்று சாதிக்கும் என் மகனைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "தெரிந்த விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள்" என்ற யோசனைதான். "குடிச்சியா?" என்பதை விட்டேன். "தொட்டியில பால் இருக்கே, வா, தண்ணி ஊத்திக் கழுவலாம்" என்றேன். முதல் வாரம் அழுகைதான். அப்புறம் ஒருநாள் அவனே வந்து, "பால்ல ஆடை இருந்துச்சும்மா, அதான் ஊத்திட்டேன்" என்றான். சொன்னதற்காகக் கட்டிக்கொண்டேன். இப்போது வடிகட்டித்தான் தருகிறேன். உண்மையைச் சொன்னால் ஸ்டிக்கர் கொடுக்கும் முறை சரிவரவில்லை. ஸ்டிக்கருக்காகச் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டான்.

எதிர்பாராதது ஒன்று: பாட்டியின் உடைந்த மூக்குக்கண்ணாடியை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து, "நான்தான் பாட்டி" என்றான். மாமியார் திட்டவில்லை, மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.