கரடியைப் பார்த்தும் நிற்காத பஸ்

பேட்டோ ஏரியைப் பார்த்துவிட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். கனடாவின் ராக்கி மலைகளில், லேக் லூயிசிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் நீளும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலை அது. பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த சிறுவன்தான் முதலில் பார்த்தான். அவன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிய சத்தத்தில் எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்தோம்.

சாலையோரத்தில் ஐந்தாறு கார்கள் கண்டபடி நின்றிருந்தன. அவற்றுக்கு அப்பால் பள்ளத்துப் புதரில் அது இருந்தது. கிரிஸ்லி கரடி. தோளுக்கு மேல் காளையின் திமில்போல ஒரு மேடு. முன்னங்காலால் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, வாயை ஓரமாகச் சாய்த்து, சிவப்புப் பழங்களை இலையோடு சேர்த்து உருவிக்கொண்டிருந்தது. வெயில் பட்ட இடத்தில் ரோமத்தின் நுனி வெள்ளியாக மின்னியது. அந்த நகங்களின் நீளத்தைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. ஆறு விநாடி இருக்கும், மிஞ்சினால் எட்டு. பஸ் வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை. வளைவு திரும்பியதும் மரங்கள் மறைத்துவிட்டன.

பஸ்ஸுக்குள் ஒரே முணுமுணுப்பு. என் கணவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மகள் ஆசையாகப் பணம் கட்டி அனுப்பிய ஐந்து நாள் பயணம் இது. கரடியைப் பார்ப்போமா, பார்ப்போமா என்று கேல்கரியில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தவர். "ஒரு நிமிடம் நிறுத்தினால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?" என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் பஸ்ஸில் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே. அறுபது வயதைத் தாண்டியவர். வண்டியை ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "நிறுத்தவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். வழியில் வரும் சாஸ்கட்சவன் கிராசிங் நிறுத்தத்தில் இறங்கியதும் உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அங்கே தேநீருக்காக நின்றபோது எங்களைப் பஸ்ஸின் பின்னால் கூட்டிப்போனார். "இந்தப் பஸ்ஸைப்போலப் பத்துப் பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். நீங்கள் இந்த முனையில் நின்றால், கரடி அந்த முனையில் இருக்க வேண்டும்" என்றார். கரடி, ஓநாய் போன்ற விலங்குகளிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது, தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் விதி. எல்க் மான், மலையாடு போன்றவற்றுக்கு 30 மீட்டர், அதாவது மூன்று பஸ். பிறகு அவரே அந்த வாகன நிறுத்துமிடத்தின் ஓரமாக நடந்து போனார். ஒரு பஸ், இரண்டு பஸ் என்று எண்ணிக்கொண்டே போய், பத்தாவதில் நின்று திரும்பிக் கையைத் தூக்கினார். அங்கிருந்து பார்த்தால் அவர் முகமே தெரியவில்லை. நாங்கள் கரடியைக் கடந்தபோது எங்களுக்கும் அதற்கும் நடுவே மிஞ்சினால் இரண்டு பஸ் தூரம்தான் இருந்தது.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். அது தின்றுகொண்டிருந்த சிவப்புப் பழத்தின் பெயர் பஃபலோபெர்ரி. ஜூலை, ஆகஸ்டில் பழுக்கும். ஒரு கரடி ஒரே நாளில் இரண்டு லட்சம் பழம்வரை தின்னும். குளிர்காலம் முழுக்க வளையில் தாக்குப்பிடிக்க வேண்டிய கொழுப்பு, இந்தச் சில வாரங்களில்தான் உடம்பில் ஏற வேண்டும். நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் வாய் நின்றுவிடுகிறது. அதைவிட மோசமானது, தலையைத் தூக்காமலே தின்னப் பழகிவிடுவது. அப்படிப் பழகிய கரடிக்குச் சாலை என்றால் பயம் போய்விடும்.

அப்போதுதான் நகோடாவைப் பற்றிச் சொன்னார். யோஹோ தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலை ஓரத்தில் மேய்ந்துவந்த வெள்ளைக் கிரிஸ்லி பெண் கரடி அது. அதைப் பார்க்க எங்கிருந்தோ எல்லாம் ஆட்கள் வந்தார்கள். அது இருக்கும் பகுதியில் வண்டியை நிறுத்தவே கூடாது என்று தடை போட்டார்கள், வேலி கட்டினார்கள். 2024 ஜூனில் ஒருநாள் காலை அதன் இரண்டு குட்டிகளும் வண்டியில் அடிபட்டு இறந்தன. அதே நாள் மாலை தாயும் சாலைக்கு ஓடிவந்து அடிபட்டது. காயத்தோடு காட்டுக்குள் போய், இரண்டொரு நாளில் இறந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர் வாங்கப் போய்விட்டார். என் கணவர் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நிற்காத பஸ், அல்லது நின்ற பஸ், வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, எனக்கு வாய்த்தது நின்ற பஸ்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஜூன் மாதம், அதே ராக்கி மலைகளில் பான்ஃப் தேசியப் பூங்காப் பக்கம். கருங்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வழிகாட்டி உற்சாகமாகிப் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார். கதவைக்கூடத் திறந்துவிட்டார்கள். பெரிய பஸ் நிற்பதைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் சும்மா போவார்களா? ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள். ஒருவர் தன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டி சாலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தாயும் இன்னொரு குட்டியும் அந்தப் பக்கம். நடுவில் நாங்கள். தாய் பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது, தாடையை ஒன்றோடொன்று அடித்துச் சத்தம் எழுப்பியது. "டக், டக்" என்ற அந்த ஒலி மூடிய ஜன்னல் வழியாகவும் கேட்டது. குட்டி ஒரு மரத்தில் பாதி ஏறி அப்படியே ஒட்டிக்கொண்டு கத்தியது. பூங்காக் காவலர் வந்து ஒவ்வொரு வண்டியாக விரட்டி அனுப்ப அரைமணி நேரம் ஆயிற்று. குட்டி தாயிடம் போய்ச் சேர்ந்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை. எங்களையும் போகச் சொல்லிவிட்டார்கள்.

மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியைப் படம் எடுத்திருந்தேன். மிகத் தெளிவான படம். இன்றுவரை அழிக்கவில்லை. யாருக்கும் காட்டியதும் இல்லை.

*

நான் செப்டம்பர் கடைசியில் போனேன். கரடி பார்க்கவில்லை. ஆனால் எல்க் மான் எங்களைப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜாஸ்பரில் தங்கியிருந்த விடுதியில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு சத்தம். துருப்பிடித்த கீல் கிறீச்சிடுவதுபோலத் தொடங்கி, புல்லாங்குழலின் உச்ச ஸ்தாயிபோல ஏறி, கடைசியில் இரண்டு மூன்று உறுமலில் முடிந்தது. திரைச்சீலையை விலக்கினால் வாசல் புல்வெளியில் ஒரு எல்க் கடா. கொம்பு அதன் முதுகுவரை வளைந்து போயிருந்தது. கொம்பின் கிளைகளில் பிடுங்கிய புல் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து ஆவி. ஏழெட்டுப் பெண் மான்களைச் சுற்றிச் சுற்றி மடக்கிக்கொண்டிருந்தது. செப்டம்பரிலிருந்து அக்டோபர் பாதிவரை அவற்றுக்கு இணைசேரும் காலம். அப்போது கடா எதையும் எதிரியாகத்தான் பார்க்கும். ஆளோ, காரோ, அதற்கு ஒன்றுதான்.

ஏழரைக்குப் பஸ் புறப்பட வேண்டும். வாசலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கடா. எங்கள் வழிகாட்டி ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யாரையும் வெளியே விடவில்லை. நாற்பது நிமிடம் கூடத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசி, பஸ்ஸைப் பின்வாசல் பக்கம் கொண்டுவரச் சொன்னார். ஓட்டுநர் பஸ்ஸை மிக மெதுவாக நகர்த்தி, கதவு வாசலை ஒட்டி வரும்படி, ஒரு சுவர்போல நிறுத்தினார். நாங்கள் ஒவ்வொருவராக, பேசாமல், ஏறினோம். அந்தப் பெண் கடைசியாக ஏறினார். கை நடுங்கியதை நான் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

ஜாஸ்பர் போகிறவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்த்துப் போக வேண்டும். 2024 ஜூலை 24 அன்று காட்டுத்தீ அந்த ஊருக்குள் புகுந்தது. 358 கட்டடங்கள் அழிந்தன. ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பே ஊர்க்காரர்களும் பயணிகளுமாகச் சுமார் 25,000 பேரை வெளியேற்றிவிட்டார்கள். நான் போனது அடுத்த வருடம். ஊருக்குத் தெற்கே சாலையின் இரண்டு பக்கமும் கரிக்குச்சிகளாக மரங்கள் நின்றன. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆனால் அடியில் மண் தெரியாதபடி ஃபயர்வீட் செடி. பூத்து முடிந்து இலையெல்லாம் சிவந்து, பஞ்சு பறந்துகொண்டிருந்தது. எரிந்த மண்ணில் முதலில் வருகிற செடிகளில் அது ஒன்று என்று வழிகாட்டி சொன்னார். அவருக்குத் தெரிந்தவர்களின் வீடும் போயிருக்கிறது. அதை அவர் மைக்கில் சொல்லவில்லை. இறங்கி நடந்தபோது பக்கத்தில் வந்த என்னிடம் சொன்னார்.

*

இனிமேல் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பல பயணங்களில் தினமும் இருக்கை மாற்றுவார்கள். முன்வரிசை கிடைக்கவில்லை என்று முதல் நாளே மனத்தாங்கல் வேண்டாம். ஜூலையிலும் பனியாற்றின் மேல் பல் கிட்டும் குளிர் அடிக்கும், கம்பளி உடுப்பு கைப்பையிலேயே இருக்கட்டும். பார்க்வேயில் பெரும்பகுதியில் தொலைபேசி எடுக்காது. மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் கார் போக முடியாது. பஸ்தான் வழி, அதனால் இந்த விஷயத்தில் நமக்கு வசதி.

பான்ஃபைச் சுற்றிப் பெருஞ்சாலையில் போகும்போது தூங்கிவிடாதீர்கள். சாலைக்கு மேல் பாலங்கள் வரும். அவற்றின் மேல் மண் போட்டுப் புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள். விலங்குகள் கடப்பதற்கு மட்டுமே கட்டியவை அவை. மேலே 6, சாலைக்கு அடியில் 38 வழிகள், இரண்டு பக்கமும் வேலி. அதன்பிறகு வண்டியில் அடிபடும் விலங்குகள் எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கின்றன. கிரிஸ்லிகள் அந்தப் பாலத்தை நம்பி ஏற சில வருடங்கள் பிடித்தனவாம். நான் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே போனேன். விளிம்பில் ஒரு சிறு தளிர்மரம் மட்டும் காற்றில் ஆடியது. எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

*

முதலில் எழுதியவள்தான். கருங்கரடிக் குட்டியைப் பற்றி எழுதிய தம்பி, அந்தப் படத்தை எழுத்திலாவது எங்களுக்குக் காட்டியதற்கு நன்றி. எங்கள் ஓட்டுநர் நின்றிருந்தால் நானும் இறங்கிப் படம் எடுத்திருப்பேன்.

வேறு கரடி பார்த்தீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை. ஜாஸ்பருக்கு முன்னால் உப்பு மண்ணை நக்க வரும் மலையாடுகளை ஒரு நிறுத்தத்தில் பார்த்தோம். குளிர்கால ரோமம் கழன்று, பாதி உடம்பில் கிழிந்த போர்வைபோலத் தொங்கியது. அதாபாஸ்கா பனியாற்றின் அடிவாரத்துக்கும் நடந்தோம். எந்த வருடத்தில் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுக வருடம் எழுதிய பலகைகள். அந்தப் பனியாறு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. எனக்குத் திருமணமான காலத்தைச் சேர்ந்த பலகையைக் கடந்த பிறகும் வெறும் கல்லில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. என் ஆயுளுக்குள் உருகிய தூரம் அது என்று நினைத்தபோது கால் ஓடவில்லை.

நான்காம் நாள் அதே பார்க்வே வழியாகத் திரும்பினோம். அந்த வளைவு வந்தபோது ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். பஸ் முழுக்க இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு கார்கூட இல்லை. புதர் இருந்தது. சில கிளைகள் மடங்கிக் கிடந்தன, பழம் பாதிக்குமேல் காலியாகியிருந்தது. என் கணவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "தின்றுவிட்டுப் போயிருக்கிறது" என்றார்.