அம்மாயியின் போஞ்சி விதை: உதவி தேவை

வணக்கம். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அம்மாயி வருடாவருடம் போட்ட கொடிப் போஞ்சியின் விதையைக் காப்பாற்ற வேண்டும். கறுப்பு விதை, தொப்புள் பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு. சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து அடுப்புக்கு மேலே வைப்பார். அவர் போன பிறகு திறந்து பார்த்தால், ஈரம் ஏறி, வண்டு துளைத்து, 23 விதைதான் தேறியது. 5 விதையை ஈரத்துணியில் வைத்தேன், 2 முளைத்தன.

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த பெட்டகத்தில் விதைகளை மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைக்கிறார்கள். நம் நாட்டிலும் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விதை வங்கி இருக்கிறது. அங்கே விதை கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை விதை கேட்பார்கள்?

அப்புறம், மீதி 18-ஐ இப்போதே நடவா, மழை விடட்டுமா? ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இதே போஞ்சி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு கைப்பிடி போதும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.