பே ஏரியாவில் அப்பா அம்மாவோடு காலாற நடக்க

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவின் குப்பர்டினோ, சன்னிவேல் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டால், எல்லோரும் கோல்டன் கேட் பாலத்தையும் லிவர்மோர் கோயிலையும் சொல்வார்கள். சரி, அதற்கு அப்புறம்? பாவம், மீதி நாளெல்லாம் அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேற்கே தெரிகிற மலைத்தொடரில் பல பகுதிகள், மிட்பென் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மிட்பெனின்சுலா ரீஜனல் ஓப்பன் ஸ்பேஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற பொது அமைப்பின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1972-ல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய அமைப்பு இது. நுழைவுக் கட்டணமோ பார்க்கிங் கட்டணமோ கிடையாது. ஹைக்கிங் என்றதும் பயப்பட வேண்டாம். முட்டிவலிக்காரர்களுக்கும், வீல்சேர், ஸ்ட்ரோலர் தள்ளுபவர்களுக்கும் ஏற்ற பாதைகளை அவர்கள் இணையதளத்திலேயே தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

என் முதல் சிபாரிசு, மிட்பென் இடங்களில் ஒன்றான ஸ்கைலைன் ரிட்ஜ். ஆல்பைன் குளம், ஹார்ஸ்ஷூ ஏரி இரண்டையும் ஒட்டி ஏற்றம் அதிகமில்லாத பாதை உண்டு. மலைமேல் ரெட்வுட் மரங்கள் பார்க்க வேண்டுமென்றால் பூரிசிமா க்ரீக்கில் ரெட்வுட் டிரெயில், கால் மைல்தான். ஆனால் மேலே போகிற ரோடு வளைந்து வளைந்து போகும். வயிறு முட்ட இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். மலைமேல் குழாயை எதிர்பார்க்க முடியாது.

மலையேற மனமில்லையா? ரான்சோ சான் ஆன்டோனியோ பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் ஒரு மைல் நடந்தால் டியர் ஹாலோ பண்ணை; ஆடு, கோழியைப் பார்த்தால் குழந்தைகளைவிடப் பாட்டிகளுக்குத்தான் குஷி. சனி ஞாயிறு காலையில் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாரநாளில் போவதே புத்திசாலித்தனம். நாய் வளர்ப்பவர்கள் அங்கே அழைத்துப்போக முடியாது, விண்டி ஹில்லுக்குப் போகலாம்.

இப்போது முக்கியமான விஷயம், பாய்சன் ஓக் என்ற, தொட்டால் அரிக்கும் காட்டுச்செடி. நம் அம்மாக்களுக்கு எந்தச் செடியைக் கண்டாலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்க்கும் பழக்கம் உண்டு. இங்கே அது ஆகவே ஆகாது. செடிகொடிகளைப் பறிக்கவும் அனுமதியில்லை. ஒரே காம்பில் மூன்று இலை இருந்தால் ஒதுங்கிப் போங்கள். கோடை முடிவில் சிவந்து அழகாக இருக்கும், குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும். குச்சியில் பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும். காரணம் அதிலுள்ள எண்ணெய்ப் பிசின். அது துணியிலும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், உடுத்தியிருந்ததையும் துவைக்கப் போடுங்கள். புடவையோடு வருபவர்கள் பாதையின் நடுவிலேயே நடப்பது நல்லது. உண்ணி கடிக்காமலிருக்கவும் அதுவே வழி.

ஏப்ரலில் போனால் ரஷ்யன் ரிட்ஜ் சரிவில் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். மேலே பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து அரை மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி.