'லிம்ப்ட் இன்டு' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி – குடியாத்தம் வாசகி:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்த்து வருகிறேன். 'தி ஓல்ட் மேன் லிம்ப்ட் இன்டு தி ரூம்' என்ற வரியை 'முதியவர் நொண்டி நொண்டி நடந்து அறைக்குள் நுழைந்தார்' என்று எழுதினால் நீண்டுவிடுகிறது. 'நுழைந்தார்' என்று நிறுத்தினால் அவருடைய கால்வலி காணாமல் போகிறது. தமிழில் இதற்கு வினைச்சொற்கள் போதவில்லையா?

மறுமொழி – காட்பாடி ஆசிரியர்:
சொற்பஞ்சம் காரணமன்று, அம்மா. மொழிகள் அசைவின் வழியை எந்தச் சொல்லில் வைக்கின்றன என்பதைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தலாம் என்று மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1985-இல் விளக்கினார். ஆங்கிலம் அசையும் விதத்தை வினையிலும், வழியை இன்டு, அவுட், அப் போன்ற சிறு சொற்களிலும் வைக்கிறது. தமிழில் ஏறு, இறங்கு, நுழை, கட என வழியே முற்றுவினையாகிவிடுவதால், விதம் எச்சமாகவோ இரட்டைக்கிளவியாகவோ அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. ஸ்பானிய மொழியும் இந்தப் பக்கம்தான். ஆங்கில நாவல்கள் அம்மொழிக்குச் சென்றபோது அசையும் விதம் ஏறத்தாழப் பாதி இடங்களில் விடுபட்டதை டான் ஸ்லோபின் என்ற ஆய்வாளர் கண்டார். ஆயினும் முதியவரின் கால் கதைக்குத் தேவையென்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி – வேலூர் மொழிபெயர்ப்பாளர்:
ஆங்கிலத்தில் ஓடியதைச் சொல்ல ஒரே ஒரு 'ரேன்' போதும். வீட்டைவிட்டு, தெருவழியே, கோட்டைக்குள் என்று சிறு சொற்களைக் கோத்துக்கொண்டே போகலாம். நம் வேலூர்க் கோட்டையை நோக்கி ஒரு சிறுமி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 'ஓடினாள்' என்று எழுதினால் சலிப்புத் தட்டும். 'வீட்டைவிட்டு ஓட்டமாய்க் கிளம்பியவள், தெருவைத் தாண்டி, அகழியைக் கடந்து, கோட்டைக்குள் நுழைந்த பிறகுதான் நின்றாள்' என்றால், ஒருமுறை சொன்ன ஓட்டமே மற்ற வினைகளையும் இழுத்துச் செல்கிறது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. 'லிம்ப்ட் இன்டு' என்பதில், பார்ப்பவர் அறைக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது இல்லை. தமிழில் உள்ளே வந்தாரா, உள்ளே போனாரா என்று எழுதும்போதே கதை யார் கண்வழியே நடக்கிறது என்பது முடிவாகிவிடுகிறது. உங்கள் கதையில் அறைக்குள் யார் இருக்கிறார்கள்?

குடியாத்தம் வாசகி:
பேத்தி காத்திருக்கிறாள், ஐயா. அப்படியானால் 'தாத்தா நொண்டியபடி உள்ளே வந்தார்' என்றே எழுதுகிறேன். 'முதியவர்' என்ற சொல்லும் அவள் கண்ணுக்கு உரியதன்று என்பது இப்போதுதான் புலப்பட்டது, 'அறை'யும் தேவைப்படவில்லை.