உதவி: வீட்டில் செய்த ஸ்பீக்கர் ஜோடியில் பேஸ் சுத்தமா இல்ல

கத்துக்குட்டி: முதல் தடவையா ஸ்பீக்கர் பெட்டி அடிச்சேன். மூடிய பெட்டி, 18 மி.மீ எம்.டி.எஃப் பலகை. ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) நல்லா பாடுது, பேஸ் (அடித்தொண்டைச் சத்தம்) சுத்தமா இல்ல. பாடுறவர் குரல் நடுவுல நிக்காம எங்கேயோ மிதக்குது. ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. என்ன தப்பு? அவசரம்.

சாலிடர்புகை: வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) எத்தனை இஞ்ச்? பெட்டி எத்தனை லிட்டர்? கிராஸ்ஓவர் (சத்தத்தை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரிக்கிற போர்டு) எது? பலகை தடிமனை மட்டும் வச்சு ஜோசியம்தான் பார்க்கணும்.

லிட்டர்கணக்கு: பெட்டி அளவுதான், வேற எதுவும் இல்ல. வூஃபரோட எஃப்எஸ் (தானா அதிர்ற ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குதுங்கிற எண்), வாஸ் (கூம்போட நெகிழ்வுக்குச் சமமான காத்து, லிட்டர்ல) மூணையும் போடுங்க.

கத்துக்குட்டி: ஆறரை இஞ்ச், 8 ஓம், 20 லிட்டர். எஃப்எஸ் 45, க்யூடிஎஸ் 0.38, வாஸ் 24. கிராஸ்ஓவர் ரெடிமேட், 3000 ஹெர்ட்ஸ்ல பிரிக்கிறது, 12 டெசிபல் சரிவு.

லிட்டர்கணக்கு: சொன்னேன்ல? 24-ஐ 20-ஆல வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா 1.48. அதை 0.38-ஆல பெருக்கினா பெட்டியில வச்ச வூஃபரோட க்யூ 0.56. 87 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் விழுந்தாச்சு. இந்த வூஃபர் போர்ட் (பெட்டியில காத்து போய்வர ஒரு குழாய்) கேக்குது. 45 ஹெர்ட்ஸுக்கு 5 செ.மீ குழாய்னா 11 செ.மீ நீளம். சத்தம் கூட்டினா புஸ்ஸுனு ஊதும். 7 செ.மீ குழாய்க்கு 23 செ.மீ வேணும், எல்போ வச்சு மடக்குங்க.

தாமிரநேசன்: ஒயர் என்ன தடிமன்? மெல்லிசு ஒயர் பேஸைத் தின்னுடும்.

நாலாம்ஆர்டர்: வருசா வருசம் இதே கேள்வி. அளவு மைக் கிடையாது, இம்பிடென்ஸ் (ஹெர்ட்ஸுக்கு ஏத்தபடி மாறுற ஓம்) கோடு பார்க்கிறது கிடையாது, ரெடிமேட் போர்டை மாட்டிட்டு வந்து அவசரம்னா எப்படி? அந்த போர்டு 8 ஓம்னு நம்பிக் கணக்கு போட்டது. 3000 ஹெர்ட்ஸ்ல வூஃபரோட இம்பிடென்ஸ் அதைத் தாண்டி ஏறியிருக்கும். 7.5 ஓம், 10 மைக்ரோஃபாரட் ரெண்டையும் தொடரா வச்சு, வூஃபருக்கு இணையா ஸோபெல் (அந்த ஏத்தத்தைச் சமன் பண்ற சர்க்யூட்) போடணும். முகப்புப் பலகை 22 செ.மீ அகலம்னா 500 ஹெர்ட்ஸ் பக்கம் பேஃபிள் ஸ்டெப் (அதுக்குக் கீழ சத்தம் பெட்டியச் சுத்திப் பின்னாடி போய்க் குறையறது) வேற. படிச்சுட்டு வாங்க.

சாலிடர்புகை: எல்லாம் சரிங்க. ஆனா இதெல்லாம் ரெண்டு பெட்டியிலயும் ஒண்ணுபோல இருக்கிற குறை. குரல் நடுவுல நிக்கலங்கிறாரே, அதுக்கு என்ன பதில்? தம்பி, ஒரு பெட்டிய மட்டும் பாட விட்டா பேஸ் வருதா?

தாமிரநேசன்: ஒயருக்கு யாரும் பதில் சொல்லல.

லிட்டர்கணக்கு: 16 கேஜ் செப்பு, 3 மீட்டர் தூரம், போக வர 0.08 ஓம். 8 ஓம் முன்னாடி அது எந்த மூலைக்கு?

தாமிரநேசன்: காதுக்குத் தெரியறது எல்லாம் மீட்டருக்குத் தெரியாது.

கத்துக்குட்டி: ஒத்தைல பேஸ் வருதே! ரெண்டும் சேர்ந்தாத்தான் போகுது.

சாலிடர்புகை: இதை முதல்லயே சொல்லக்கூடாதா? ஒரு பெட்டியில பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. ஒரு கூம்பு முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போகுது. பேஸ் அலை மீட்டர் கணக்குல நீளம், அதனால அறை நடுவுல ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும்.

ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸை பெட்டியோட சிவப்பு டெர்மினல்ல ஒரு நொடி தொடுங்க. வூஃபர் வெளிய தள்ளணும். உள்ள இழுத்தா அந்தப் பெட்டியத் திறந்து வூஃபர் முனையில மாத்துங்க. ட்வீட்டருக்கு முன்னாடி கெப்பாசிட்டர் இருக்கு, பயப்பட வேண்டாம்.

ஒண்ணு கவனம்: 12 டெசிபல் போர்டுல, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் வூஃபரும் ட்வீட்டரும் ஒண்ணை ஒண்ணு அழிக்காம இருக்க, ட்வீட்டரை வேணும்னே தலைகீழா இணைச்சிருப்பாங்க. ரெண்டு பெட்டியிலயும் அப்படி இருந்தா அதைத் 'திருத்திடாதீங்க'.

நாலாம்ஆர்டர்: ஸோபெல் இன்னும் வேணும்.

கத்துக்குட்டி: வலது பெட்டிதான். மாத்திட்டேன், பேஸ் வந்துடுச்சு. நன்றி.

சாலிடர்புகை: உள்ள மாத்தினீங்களா, ஆம்ப் பக்கமா? வெளிய மாத்தியிருந்தா அந்தப் பெட்டியில ட்வீட்டரும் சேர்ந்து திரும்பியிருக்கும், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்துல பள்ளம் அப்படியே இருக்கும்.

சாலிடர்புகை: தம்பி?

தாமிரநேசன்: ஆக, தப்பு ஒயர்லதானே?